சாவியை முதல் கிளாஸுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்கினால் விருந்தும் வரும், விருந்து முடிந்து வீடு திரும்பும் சிக்கலும் வரும். குடிக்கலாமா, கூடாதா என்ற பட்டிமன்றம் இந்தப் பக்கத்தில் இல்லை. குடித்தவர் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில். ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை எல்லா இடத்திலும் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லி கிராம் என்ற கணக்கில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு லார்ஜுக்கு மேல் நான் தொடுவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, நிதானமாகத்தான் வண்டியை எடுப்பேன். இதில் என்ன தப்பு?

பதில்: அந்த அரை மணி நேரம்தான் தப்பு. கடைசி மடக்கு உள்ளே போன பிறகு ரத்தத்தில் ஆல்கஹால் உச்சத்தைத் தொட 30 முதல் 90 நிமிடம் வரை ஆகும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சாப்பாடு அந்த உச்சத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஆல்கஹாலை இல்லாமல் ஆக்குவதில்லை, குடலுக்கு மெதுவாக அனுப்புகிறது. ஆகவே நீங்கள் வண்டியைக் கிளப்பும்போது அளவு இறங்கிக்கொண்டிருக்காது, ஏறிக்கொண்டிருக்கும். வாசலில் தெளிவாக நின்றவர் பதினைந்தாவது கிலோமீட்டரில் வேறு ஆளாக இருப்பார்.

‘நிதானமாக’ என்கிறீர்கள். அதை அளந்து சொல்ல வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது. 20 மில்லி கிராமிலேயே நகரும் பொருளைக் கண் பின்தொடர்வதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பதும் தடுமாறத் தொடங்கும். 50-இல் ஸ்டியரிங் பிடியும், திடீர் நெருக்கடிக்கு எதிர்வினை காட்டுவதும் குறையும். 80-இல் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, சிக்னலைக் கவனிப்பது, தூரத்தைக் கணிப்பது எல்லாமே பாதிக்கப்படும். நாக்குக் குழறுவதும் கால் பின்னுவதும் பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான். ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று ஒருவர் சொல்வது பொய்யல்ல. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பிரேக்கில் கால் வைக்க அரை நொடி கூடுதலாக எடுத்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் அதிகம் போயிருப்பீர்கள்.

60 மி.லி. லார்ஜ் ஒன்றில், 40 சதவீதச் சரக்கு என்றால், சுமார் 19 கிராம் சுத்த ஆல்கஹால் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஆண் இரண்டு லார்ஜைச் சட்டென்று குடித்தால் அளவு 80 பக்கம் போகலாம். 55 கிலோ எடையுள்ள பெண் அதையே குடித்தால் 125 பக்கம் போகும், ஏனென்றால் பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு. சட்ட வரம்பு இந்தியாவில் 30, ஸ்வீடனில் 20, ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 50, யூட்டா நீங்கலாக அமெரிக்க மாநிலங்களில் 80. வரம்புக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று இந்த எண்களுக்குப் பொருள் இல்லை.

கேள்வி: நான் பீர் மட்டும்தான். அதுவும் கணக்கா?

பதில்: 650 மி.லி. பாட்டில், 5 சதவீதம் என்றால் 26 கிராம் ஆல்கஹால். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். அதாவது இரண்டு லார்ஜுக்கும் மேல். 150 மி.லி. ஒயினில் 14 கிராம். பாட்டிலில் அச்சிட்ட சதவீதத்தை மி.லி.யால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் கிடைத்துவிடும். எந்த வகைப் பானம் என்பது கல்லீரலுக்குப் பொருட்டில்லை, எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு.

கேள்வி: இரவு விருந்து முடிந்து படுத்துத் தூங்கிவிடுகிறோம். காலை 6 மணிக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறோம். இதில் பிரச்சினை இருக்காது அல்லவா?

பதில்: ‘ராத்திரி ஓட்டாதே’ என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். காலையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனாலேயே இந்தக் கேள்வி முக்கியமானது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

70 கிலோ ஆண். இரவு 9 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் நான்கு லார்ஜ். மொத்தம் 76 கிராம். கழிவே இல்லை என்றால் அளவு 160 ஆகியிருக்கும். சராசரி உடல் மணிக்கு 15 மில்லி கிராம் வீதம் கழிக்கும். எனவே நள்ளிரவில் 115 இருக்கும், காலை 6 மணிக்கு 25, பூஜ்யம் ஆக 7.40 ஆகிவிடும். இது சராசரி. சிலர் உடல் மணிக்கு 10 மட்டுமே கழிக்கும். அவருக்குக் காலை 6 மணிக்கு 70 இருக்கும்; பூஜ்யத்துக்கு வர மதியம் 1 மணி. நான்கு ஆறானால், சராசரி உடலுக்கே காலை 6 மணிக்கு 105. அந்த அளவோடு பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்.

தூக்கம் இந்த வேகத்தைக் கூட்டாது. ஒருவர் குளித்து, பல் தேய்த்து, இஸ்திரி போட்ட சட்டையில் பளிச்சென்று நிற்பதைப் பார்த்து எதையும் கணிக்க முடியாது. அளவு பூஜ்யம் ஆன பிறகும் ஹேங்ஓவர் இருக்கும். அரைகுறைத் தூக்கம், நீரிழப்பு, தலைவலி எல்லாம் சேர்ந்து கவனத்தைக் குறைக்கும்.

வழி இரண்டுதான். மறுநாள் ஓட்டப்போகிறவர் முந்தைய இரவு குடிக்காமல் இருப்பது. இல்லையென்றால் புறப்பாட்டை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது. மேலே போட்டது உத்தேசக் கணக்கு. ‘இத்தனை மணிக்கு எடுக்கலாம்’ என்று அனுமதிச் சீட்டாக அதைப் பயன்படுத்தாதீர்கள். ‘இன்னும் எடுக்கக் கூடாது’ என்று சொல்ல மட்டும் அது உதவும்.

கேள்வி: கட்டங்காப்பி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல், வாந்தி. எது போதையை இறக்கும்?

பதில்: எதுவும் இறக்காது. 90 சதவீதத்துக்கும் மேல் கல்லீரல்தான் எரிக்கிறது, அதன் வேகத்தில். மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாகப் போவது சொற்பம். வாந்தி வயிற்றில் மிச்சமிருப்பதை வெளியே தள்ளலாம். ரத்தத்தில் கலந்ததை அல்ல. காப்பிதான் இதில் மோசம், தூக்கத்தை மட்டும் கலைத்து ‘தெளிந்துவிட்டேன்’ என்ற நினைப்பைக் கொடுக்கும். எனர்ஜி டிரிங்கில் கலந்து குடிப்பவர்கள் அதிகமாகக் குடிப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: இந்த ஆண்டு விருந்து எங்கள் வீட்டில். இருபது பேர் வருகிறார்கள். பத்துப் பேராவது குடிப்பார்கள். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: அழைக்கும்போதே ‘எதில் வருகிறீர்கள், எதில் திரும்புகிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். பதில் இல்லாதவர்களுக்கு நீங்களே வண்டி முன்பதிவு செய்யுங்கள். விடுமுறை இரவில் 12 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்ஸி தேடுவார்கள், கிடைக்காது. அப்போதுதான் ‘பக்கத்துலதானே, நானே ஓட்டிக்கிறேன்’ என்பார்கள்.

சாவியை வாசலிலேயே, முதல் கிளாஸுக்கு முன்பே வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு கட்டி, பூட்டக்கூடிய இழுப்பறையில் வையுங்கள். ஹாலில் தட்டில் வைத்தால் போகிற போக்கில் எடுத்துவிடுவார்கள். இழுப்பறையின் பொறுப்பாளர் குடிக்காதவராகவும், கொஞ்சம் கறாரானவராகவும் இருக்கட்டும். வீட்டின் மூத்த பெண்மணி ஒருவர் இந்த வேலையை ஏற்றால் பாதிப் பேர் வாதமே செய்ய மாட்டார்கள்.

ஊற்றுவது அளவுக் கோப்பையில் மட்டும். கண்ணளவில் ஊற்றும் ‘லார்ஜ்’ 80, 90 மி.லி. கூட ஆகும், அதுவும் மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு. பாதி காலியான கிளாஸை நிரப்பாதீர்கள், குடிப்பவருக்கு எண்ணிக்கை தவறிவிடும். சாப்பாட்டை முதல் கிளாஸுக்கு முன்பே போடுங்கள். உப்புக் காரம் மட்டும் வைத்தால் தாகம் கூடி இன்னும் குடிப்பார்கள். பலருக்கு சோடா கலந்தது வேகமாக ஏறும், எனவே தண்ணீரும் மேசையில் இருக்கட்டும். ஆல்கஹால் இல்லாத பானங்களையும் அதே அழகான கிளாஸில் கொடுங்கள். வண்டி ஓட்டப்போகிறவர் ‘ஏன் நீ எடுக்கலை?’ என்ற நச்சரிப்பிலிருந்து தப்பிப்பார்.

விருந்து முடியும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாட்டிலை மூடுங்கள். அதற்குள் போதை தெளிந்துவிடும் என்பதற்காக அல்ல. உச்சம் உங்கள் வீட்டுக்குள்ளேயே வரட்டும், யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது உங்கள் கண்ணில் படட்டும் என்பதற்காக.

ஓட்டுநரைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். ‘இருப்பதிலேயே குறைவாகக் குடித்தவர் ஓட்டட்டும்’ என்பது ஏற்பாடே அல்ல; ஓட்டுபவருக்குப் பூஜ்யம்தான், ஒரு கிளாஸ்கூடக் கிடையாது. பெல்ஜியத்தில் 1995-இல் தொடங்கிய ஒரு பிரசாரம் இப்படிக் குடிக்காமல் ஓட்டுபவருக்கு ‘பாப்’ என்று பெயரே வைத்தது. ‘இன்று யார் பாப்?’ என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது.

குடிக்காத ஓட்டுநரிடமும் ஒன்று பார்க்க வேண்டும்: தூக்கம். 17 மணி நேரம் விழித்திருந்தால் செயல்திறன் 50 மில்லி கிராம் ஆல்கஹால் ஏறியவரின் அளவுக்கு இறங்கும். 24 மணி நேரமானால் 100-க்கு இணை. காலை 6 மணிக்கு எழுந்தவர் நள்ளிரவு 1 மணிக்கு ஓட்டினால் 19 மணி நேரம் ஆகிறது. மாலையில் அவரை ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாய் விரித்துக் கொடுங்கள்.

கேள்வி: சாவி கொடுக்க மறுக்கும் நண்பரை எப்படிச் சமாளிப்பது? அவர் இங்கேயே படுத்துவிட்டால் கவலை விட்டதா?

பதில்: கூட்டத்துக்கு நடுவில் ‘உனக்கு ஏறிடுச்சு’ என்றால் ரோஷம்தான் வரும். தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், அவர் மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசுங்கள். ‘ஓட்டாதே’ என்பதைவிட ‘நான் கொண்டுவிடவா, டாக்ஸி வரச் சொல்லவா, மேல் ரூமில் படுக்கிறாயா?’ என்று தேர்வு செய்யக் கொடுப்பது எடுபடும். எத்தனை குடித்தார் என்ற வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், ஜெயிக்கவே முடியாது. நேரத்தை இழுங்கள்: செருப்பைத் தேடுவது, இன்னொரு தட்டுச் சாப்பாடு, வண்டியை மறைத்து வேறொரு வண்டியை நிறுத்துவது. கைகலப்பு வேண்டாம். மீறிக் கிளம்பிவிட்டால் வண்டி எண்ணையும் திசையையும் போலீஸுக்குச் சொல்லுங்கள். நட்பு முறியலாம்தான். ஆனால் சாலையில் எதிரே வருகிறவருக்கு உங்கள் நட்பு தெரியாது.

படுத்துவிட்டால் கவலை விட்டது என்று சொல்ல முடியாது. கடைசியாகக் குடித்தது தூங்கும்போதும் ஏறிக்கொண்டிருக்கும். மல்லாக்கப் படுக்க விடாதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடித்து முன்னால் ஊன்றி, வாய் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். தட்டி எழுப்பினாலும் விழிக்காதது, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கு இடையே 10 நொடிக்கு மேல் இடைவெளி, தோல் சில்லிட்டு நீலம் பாய்வது, வலிப்பு – இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் குடிப்பதே இல்லை. சளிக்கு மாத்திரை, இரவில் தூக்க மாத்திரை மட்டும்தான். நானும் வண்டி எடுக்கும் முன் யோசிக்க வேண்டுமா?

பதில்: மூளைக்கு ஆல்கஹால் என்ன, மாத்திரை என்ன? சளி, அலர்ஜிக்கான பழைய தலைமுறை மருந்துகள் – குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன், புரோமெதசின் – மூளைக்குள் நுழைந்து தூக்கத்தைக் கொடுக்கும். வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வில், 50 மில்லி கிராம் டைபென்ஹைட்ரமைன் சாப்பிட்டவர்கள் 100 மில்லி கிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏறியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களே சொன்னதற்கும் எவ்வளவு தடுமாறினார்கள் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இருக்கவில்லை. பயப்படவேண்டிய விஷயம் இந்த இரண்டாவதுதான். ‘எனக்கொண்ணும் தூக்கம் வரலையே’ என்பது செல்லாது. செடிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். பெக்சோபெனடைனில் அது மிகக் குறைவு. மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

தூக்க மாத்திரையில் சோல்பிடெம் என்றால் விழுங்கிய பிறகு 7, 8 மணி நேரம் படுக்கையில் இருக்க முடிகிற இரவில் மட்டும் எடுங்கள். காலையிலும் ரத்தத்தில் மிஞ்சி ஓட்டும் திறனைக் குறைக்கிறது என்பதற்காக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான அளவை 10-இலிருந்து 5 மில்லி கிராமாகக் குறைக்கச் சொன்னது. டயாசிபாம் உடலில் நாள்கணக்கில் தங்கும். அல்பிரசோலம், குளோனசிபாம், டிராமடால், கோடீன் கலந்த இருமல் சிரப், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் எல்லாம் இந்த வரிசைதான். கண் பரிசோதனைக்குக் கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். அன்று ஓட்டவே வேண்டாம்.

புது மருந்து தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும் முதல் சில நாட்கள் ஓட்டாதீர்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், வலிப்புக்கும் மனநலத்துக்கும் சாப்பிடுபவர்கள் முக்கியமாக. இவற்றோடு ஒரே ஒரு பெக் சேர்ந்தாலும் இரண்டின் விளைவும் கூடும். தூக்க மாத்திரை, வலி நிவாரணி வகைகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: கஞ்சா அடித்தால் மெதுவாகத்தான் ஓட்டுவோம், விபத்து ஆகாது என்கிறான் ஹாஸ்டல் நண்பன்.

பதில்: மெதுவாக ஓட்டுவது உண்மையாக இருக்கலாம். லேனுக்குள் வண்டி நிற்காமல் அலைவதும், குறுக்கே ஒருவர் வரும்போது கை கால் தாமதிப்பதும் அதைவிட உண்மை. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும், பல மணி நேரம் பாதிப்பு இருக்கும். தின்பண்டத்தில் கலந்து சாப்பிட்டால் ஏறவே அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று வண்டியை எடுப்பான், நடுவழியில் ஏறும். எட்டு மணி நேரம்கூட நீடிக்கும். இதோடு பீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கோகைன், ஆம்பெடமைன் வகை வேறு மாதிரி. ஏறும்போது அசட்டு வேகம், இறங்கும்போது அடித்துப் போட்டாற்போல் தூக்கம். கோகைனும் ஆல்கஹாலும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎதிலீன் என்ற பொருள் உண்டாகி, இதயத்துக்குக் கூடுதல் ஆபத்தை உண்டாக்கும். சாலையோரத்தில் எச்சிலைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதிக்கும் கருவிகள் பல நாடுகளில் வந்துவிட்டன. ஊதச் சொன்னால் தெரியாது என்ற தைரியமும் இனி உதவாது.

கேள்வி: மவுத்வாஷ் கொப்பளித்தால் கருவியில் மாட்டுவோமா? வீட்டுக்கு ஒரு பிரெத் அனலைசர் வாங்கலாமா?

பதில்: மாட்டலாம், சில நிமிடங்களுக்கு மட்டும். வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் கருவியை ஏமாற்றும். 15 நிமிடம் எதையும் வாயில் போடாமல் காத்திருந்தால் போய்விடும். ‘இப்போதுதான் கொப்பளித்தேன்’ என்றால் காத்திருந்து மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள். சூயிங்கம், புதினா, வெங்காயம் எதுவும் கருவியை ஏமாற்றாது. அது அளப்பது வாசனையை அல்ல, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலை. 2,100 மி.லி. மூச்சில் இருக்கும் ஆல்கஹால், 1 மி.லி. ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்பதுதான் கணக்கின் அடிப்படை.

வீட்டுக்கு வாங்குவதென்றால் ஃபியூயல் செல் சென்சார் உள்ளதை வாங்குங்கள். மலிவான செமிகண்டக்டர் வகை அசிடோன் போன்ற வேறு ஆவிகளையும் ஆல்கஹால் என்று காட்டும், சூட்டுக்கும் குளிருக்கும் அலையும். எதுவாயினும் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் அளவு திருத்தாவிட்டால் காட்டுவதை நம்ப முடியாது. 20 நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஊதிப் பாருங்கள். இரண்டாவது எண் கூடினால் இன்னும் ஏறுகிறது என்று பொருள். குறைந்த எண் வந்ததும் சாவியை எடுப்பதற்கு இதை வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: நான் குடிக்கவில்லை, குடித்த நண்பரைப் பைக்கில் பின்னால் ஏற்றிப் போகலாமா?

பதில்: பிடிப்பில்லாமல் நேராக நிற்க முடியாதவரை ஏற்றாதீர்கள். வளைவில் அவர் எதிர்ப்பக்கம் சாய்வார், தூங்கி வழிவார், ஃபுட்ரெஸ்டிலிருந்து கால் நழுவும். அந்த எடை மாற்றத்தில் குடிக்காத நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். கார்தான் சரி. பின்சீட்டில், பெல்ட் போட்டு, பக்கத்தில் தெளிவான ஒருவர் உட்கார வேண்டும். முன்சீட்டைச் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். சாய்ந்தவருக்கு பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் குடல் கிழியும்.

கேள்வி: காரிலேயே தூங்கிவிட்டுக் காலையில் ஓட்டினால்?

பதில்: காலைக் கணக்கை மேலே பாருங்கள். தூங்கியே ஆக வேண்டுமென்றால் சாலையை விட்டு விலகி நிறுத்தி, பின்சீட்டில், எஞ்சினை அணைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், மூடிய கராஜில் அது உயிர்க்கொல்லி. பிரிட்டன் போன்ற நாடுகளில் சாவியோடு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாலே ‘வண்டி அவர் பொறுப்பில் இருக்கிறது’ என்று வழக்குப் போடலாம்.

கேள்வி: விடுமுறை நாட்களில் வழியெல்லாம் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, வெறும் தொந்தரவா?

பதில்: பலன் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் யாரையும் எங்கும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறை 1982 டிசம்பர் 17 அன்று, விடுமுறை தொடங்கும் நேரம் பார்த்தே வந்தது. சாலை மரணங்கள் கண்கூடாகக் குறைந்தன. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வரம்பை 80-இலிருந்து 50-ஆக 2018 டிசம்பர் 30 முதல் இறக்கியது. 2019-இல் அங்கே உயிர்பலி விபத்து விகிதம் 2016-ஐவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்பதைவிட, ‘எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார்கள்’ என்று எத்தனை பேர் நம்பினார்கள் என்பதுதான் வேலை செய்கிறது. எனவே ‘அந்த முக்கில் செக்கிங், இந்தச் சந்தில் போ’ என்று வாட்ஸ்அப்பில் வழி சொல்பவர்கள் குடித்தவரைக் குறுகிய, வெளிச்சமில்லாத தெருவுக்குள் அனுப்பிவைக்கிறார்கள். ஜப்பானில் 2007 முதல் ஓட்டப்போகிறவருக்குச் சரக்கு கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே உடன் ஏறியவர் எல்லோருக்கும் தண்டனை உண்டு.

கேள்வி: இரவில் எதிரே வருபவர் குடித்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: லேன் கோட்டின் மேலேயே ஓடுவது, அகலமாக வளைந்து திரும்புவது, ஹெட்லைட் போடாமல் வருவது, பச்சை விழுந்தும் நிற்பது, காரணமில்லாமல் பிரேக் அடிப்பது, சாலை காலியாக இருந்தும் ஊர்வது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் குடி, மருந்து, தூக்கம் ஏதோ ஒன்று. எதுவானாலும் நீங்கள் செய்வது ஒன்றுதான். முன்னால் போகும் வண்டி என்றால் முந்தாதீர்கள், முந்தினால் அவர் உங்கள் பின்னால் வருவார். இடைவெளியைக் கூட்டுங்கள். எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்குங்கள். ஹார்ன் அடித்தோ லைட் அடித்தோ எச்சரிக்க வேண்டாம், சிலர் வெளிச்சத்தை நோக்கியே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார்கள். வண்டியை நிறுத்திய பிறகு போலீஸுக்கு போன் செய்யுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைச் செய்யச் சொல்லுங்கள். எண் முழுதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நிறம், என்ன வண்டி, எந்தத் திசை, கடைசியாகத் தாண்டிய கிலோமீட்டர் கல் – இவ்வளவு சொன்னாலே அடுத்த சோதனைச் சாவடியில் நிறுத்திவிடலாம்.